கொல்லையில் கிடைக்கும் புதைபடிவங்கள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கிணற்றுக்கோ செப்டிக் டேங்குக்கோ பள்ளம் வெட்டும்போது முழு உருண்டையாக ஒரு கல் வந்துவிட்டால் போதும். “டைனோசர் முட்டை!” என்று தெருவில் யாராவது சொல்லிவிடுவார், மாலைக்குள் படம் வாட்ஸ்அப்பில் ஊரைச் சுற்றிவிடும். 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் இப்படித்தான் நடந்தது. குளத்தில் மண் எடுத்தபோது பெரிய பெரிய உருண்டைகள் வெளிப்பட்டன. முட்டை என்று செய்தி பரவியது. புவியியலாளர்கள் வந்து பார்த்து, முட்டையல்ல, பழைய கடலடிச் சேற்றில் தாதுக்கள் திரண்டு இறுகிய உருண்டைகள் என்றார்கள். பெரம்பலூர், அரியலூர் வட்டாரம் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்தது. அம்மோனைட் என்ற, சுருள் ஓடு கொண்ட கடலுயிர்களின் எச்சங்கள் அங்கே ஏராளம்.

நம் காஞ்சிபுரம் நகருக்குள் அப்படிப் படிவம் கிடைக்கும் வாய்ப்பும் குறைவு. பிள்ளையார்பாளையத்தில் தறிக்குழி வெட்டினாலும், சின்ன காஞ்சிபுரத்தில் வாழைக்கன்று நடக் குழி எடுத்தாலும், மேலே வருவது பாலாறும் வேகவதியும் கொண்டுவந்து போட்ட மணலும் வண்டலும்தான். புவியியல் கணக்கில் அது நேற்றைய மண். அதில் கிடைக்கக்கூடியவை மனிதர்கள் விட்டுப்போன பொருள்கள்: பானை ஓடு, மணி, காசு. சென்னைப் பல்கலைக்கழகம் இங்கே நடத்திய அகழாய்வுகளில் பழங்காலச் சாடிகளின் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. அவை புதைபடிவங்கள் அல்ல, தொல்பொருள்கள். காசோ சிலையோ கிடைத்தால் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

இன்னொரு நம்பிக்கை, பழைய கல் என்றால் எல்லாவற்றிலும் ஏதாவது படிந்திருக்கும் என்பது. கோயில் மதிலின் கருங்கல்லில் தெரியும் வரிகளைக் காட்டி “எலும்பு” என்பவர்கள் உண்டு. கருங்கல் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவானது. அதில் உயிரின் தடயம் தங்காது. புதைபடிவம் வேண்டுமென்றால் சேறோ மணலோ சுண்ணாம்போ படிந்து இறுகிய பாறை வேண்டும். கைலாசநாதர் கோயில் மணற்கல்லால் ஆனதாயிற்றே என்று அங்கே போய்ச் சுரண்டிப் பார்க்க வேண்டாம். 1,300 ஆண்டு பழைய பல்லவர் சிற்பம் மழையிலும் வெயிலிலும் ஏற்கெனவே போதுமான அளவு தேய்ந்துவிட்டது.

எனக்கு அதிகம் வருத்தம் தரும் நம்பிக்கை வேறு. “நம்ம பக்கத்தில் ஒன்றும் கிடையாது, அதெல்லாம் அரியலூரில்தான்” என்கிறார்களே, அது. காஞ்சியிலிருந்து சென்னைக்குப் போகும் வழியில் இருக்கும் ஸ்ரீபெரும்புதூரின் பெயரையே ஒரு பாறைத் தொகுதிக்கு வைத்திருக்கிறார்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ராபர்ட் புரூஸ் ஃபூட், பாலாற்றுக்கு வடக்கே உள்ள நிலத்தை நடந்து அளந்து 1873இல் அறிக்கை வெளியிட்டார். அங்கே கிடைத்த இலைப் படிவங்களை ஓட்டோகார் ஃபைஸ்ட்மாண்டெல் 1879இல் வகைபிரித்து எழுதினார். கிரெட்டேசியக் காலத்தின் முற்பகுதி. சுமார் 12 கோடி ஆண்டுக்கு முந்தைய காடு. அண்டார்டிகாவிலிருந்து இந்தியா பிரிந்துகொண்டிருந்த காலம் அது. நம் கிழக்குக் கரையே அப்போதுதான் உருவாகத் தொடங்கியிருந்தது. அந்தக் காட்டில் ஆலும் இல்லை, அரசும் இல்லை. பூக்கும் செடிகள் உலகை நிறைக்காத நாளில் பெரணிகளும், ஊசியிலை மரங்களும், டிலோஃபில்லம் என்ற செடிகளும் நிறைந்திருந்தன. டிலோஃபில்லத்தின் ஓலை, வாசலில் தொட்டியில் வைக்கிறோமே சைக்கஸ், அதன் ஓலையை நினைவுபடுத்தும். ஆனால் அந்த வகுப்பே அடியோடு அழிந்துவிட்டது. அதே படிவுகளில் கடலுயிர்களின் தடயங்களும் உண்டு என்பதால், கடலோரக் காடு என்று ஊகிக்கலாம்.

இன்று அந்த மண்ணின் மேல் காரும் செல்பேசியும் செய்யும் ஆலைகள் நிற்கின்றன. வேலை வேண்டும், ஆலையும் வேண்டும். அடித்தளம் தோண்டும் சில நாட்கள் மட்டும் புவியியல் மாணவர் ஒருவரைப் பக்கத்தில் நிற்க விட்டால் எவ்வளவு கிடைக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. மனை மேடாக்க அந்தப் பக்கத்திலிருந்து லாரியில் மண் வந்தால், வெளிர்நிறத்தில் தகடு தகடாகப் பிரியும் கட்டிகளைப் பிளந்து பாருங்கள். உங்கள் கொல்லைக்கு ஒரு படிவம் வந்துசேர்வதானால் பெரும்பாலும் இப்படித்தான் வரும்.

இலை மாதிரி தெரிவதெல்லாம் இலை என்று நம்பிவிடவும் கூடாது. கல்லின் விரிசல்களில் மாங்கனீசு கலந்த நீர் ஊறிப் படிந்த கறை, ஈரச் சுவரில் பூசணம் படர்வதுபோல் கறுப்பாகக் கிளைத்து நிற்கும். பார்க்க அச்சு அசல் பெரணிதான். உண்மையான இலையில் நடுநரம்பு இருக்கும்; இருபுறமும் சிற்றிலைகள் ஓர் ஒழுங்கில், ஒரே கோணத்தில் அமைந்திருக்கும்; பூதக்கண்ணாடியில் நரம்புகள் தெரியும். தாதுக் கறையில் இவை எதுவும் இருக்காது. எலும்பென்று ஏமாற்றுவது சுக்கான்கல். வேரைச் சுற்றிச் சுண்ணாம்பு இறுகி, இரு முனையிலும் தடித்து, கைகால் எலும்பைப் போலவே கிடக்கும். ஒரு துளி எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும், உடைத்தால் உள்ளே வெறும் சுண்ணாம்புத் தூள். எலும்பின் நுண்துளை அமைப்பு இருக்காது.

காஞ்சியில் புதைபடிவத்தைத் தலைமுறை தலைமுறையாக வீட்டில் வைத்துக் காப்பாற்றியவர்கள் இருக்கிறார்கள். சாளக்கிராமத்தைச் சொல்கிறேன். பூஜை அறையில் பட்டுத்துணி விரித்து, துளசி சாத்தி வைக்கும் அந்தக் கறுப்புக் கல் நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றிலிருந்து வருவது. வஜ்ரகீடம் என்ற புழு வைரப் பல்லால் குடைந்து சக்கரம் செய்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். குடைந்த புழு எதுவும் இல்லை; அந்தச் சுருளே ஓர் உயிரின் வீடு. ஜுராசிக் காலத்தில், சுமார் 15 கோடி ஆண்டுக்கு முன், டெத்திஸ் கடலில் நீந்திய அம்மோனைட்டின் ஓடு அது. உள்ளே அறை அறையாகத் தடுப்புகள்; வளர வளர அது புதிய அறை கட்டி முன்னால் நகர்ந்தது. கடலடிச் சேறு இறுகி, இமயம் எழுந்தபோது மேலே வந்து, ஆற்றில் உருண்டு வழவழப்பானது. எல்லாச் சாளக்கிராமத்திலும் அம்மோனைட் இருக்க வேண்டும் என்பதில்லை. சக்கரத்தைச் செதுக்கி விற்பவர்களும் உண்டு. ஆனால் உண்மையான ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், இமயம் கடலாக இருந்ததற்கான சான்று உங்கள் பூஜை அறையில் இருக்கிறது. பக்தியை இது ஒரு துளியும் குறைக்காது என்றே நினைக்கிறேன். மத்தியப் பிரதேசம் தார் மாவட்டத்தின் பாட்லியாவில் குலதெய்வமாகக் கும்பிட்டுவந்த உருண்டைக் கற்கள் உண்மையிலேயே டைனோசர் முட்டைகள் என்று 2023இல் செய்தி வந்தது. கும்பிட்டதால்தான் அவை உடையாமல் இருந்தன.

விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் கிடக்கும் கல்மரங்களை வக்கராசுரனின் எலும்புகள் என்பார்கள். 1781இல் பிரெஞ்சுக்காரர் சொன்னெரா அவற்றைப் பற்றிக் குறிப்பெழுதினார். சுமார் 2 கோடி ஆண்டுக்கு முன் வெள்ளம் அடித்துவந்த மரங்கள் மணலில் புதைந்து, நிலத்தடி நீரில் கரைந்த சிலிக்கா அவற்றின் செல்களுக்குள் புகுந்து கல்லானவை. வேரும் கிளையும் இல்லாமல் வெறும் தண்டுகளாகக் கிடப்பதே அவை வெள்ளத்தில் வந்ததற்குச் சாட்சி. அது பாதுகாக்கப்பட்ட தேசியக் கல்மரப் பூங்கா. தோட்ட அழகுக்கு ஒரு துண்டு எடுத்துவருவது குற்றம். “திருவக்கரைக் கல்மரம்” என்று யாராவது விற்றால், தயவுசெய்து வாங்காதீர்கள்.

கல்தானே, கெடாது என்று நினைப்பது பேரிழப்பில் முடியும். அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் 1980களில் விவரிக்கப்பட்ட புருகத்காயோசாரஸ், உலகின் மிகப்பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. களிமண்ணில் பொதிந்திருந்த அந்த எலும்புகள் ஈரத்திலும் மழையிலும் நொறுங்கிப் போய்விட்டன. கையில் மிஞ்சியிருப்பவை படங்கள் மட்டுமே.

வீட்டில் வைப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. சிலிக்காவாக மாறிய மரத்துண்டைத் தோட்டத்தில் மழையில் வைக்கலாம், ஒன்றும் ஆகாது. இலை பதிந்த களிப்பாறையை வெளியே வைத்தால் ஒரே ஐப்பசியில் தகடு தகடாக உரிந்துவிடும். அதைத் தண்ணீரில் கழுவவே கூடாது, மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டி, கண்ணாடி போட்ட அலமாரியில் வெயில் படாமல் வையுங்கள். சிப்பி, அம்மோனைட் போன்ற சுண்ணாம்புப் படிவங்களைப் பளிச்சென்று ஆக்க ஆசிட் ஊற்றுபவர்கள் படிவத்தையே கரைத்துவிடுகிறார்கள். வார்னிஷும் வேண்டாம், பின்னால் ஆராய வருபவருக்கு மேற்பரப்பே தெரியாமல் போய்விடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், கிடைத்த இடத்திலேயே வைத்து ஓர் அடிக்கோலை அருகில் போட்டுப் படம் எடுங்கள். எந்த ஊர், எந்தப் பள்ளம், எத்தனை அடி ஆழம், என்ன நிற மண், லாரியில் வந்த மண்ணென்றால் எங்கே ஏற்றியது, என்ன தேதி என்று ஒரு சீட்டில் எழுதி, கல்லோடு சேர்த்தே வையுங்கள். சீட்டு இல்லாத கல்லைப் பார்த்து ஆய்வாளர் பெயர் சொல்லலாம், கதை சொல்ல முடியாது. கிண்டியில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் மாநில அலுவலகம் இருக்கிறது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் புவியியல் பிரிவு இருக்கிறது. அங்கே போகும்போது கல்லை மட்டும் பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். அந்தச் சீட்டையும் எடுத்துப் போங்கள்.