சிறு விமானங்களும் தரை விபத்துக்களும்

விமான விபத்து என்றதும் மேகம் மூடிய மலைமுகடும் நடுவானில் நின்றுபோன எஞ்சினுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஆனால் ஓரிருவர் மட்டும் செல்லும் சிறு விமானங்களுக்கு நேரும் விபத்துக்களில் பல, சக்கரம் தரையைவிட்டு எழும்பாமலே நேர்ந்துவிடுகின்றன. இது ஏன்? ஒரே ஒரு விமானத்தை எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், லாக் ஹேவன் நகரில் 1938 முதல் 1947 வரை கட்டப்பட்ட பைப்பர் ஜே-3 கப் என்பதே அது. மஞ்சள் நிறமும், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இருக்கைகளும் கொண்டது. ஏறத்தாழ 20,000 விமானங்கள் கட்டப்பட்டன; பல இன்றும் பறக்கின்றன. வெற்று எடை சுமார் 350 கிலோதான். இறக்கைகளோ நுனிக்கு நுனி 35 அடி!

இந்த விமானம் மணிக்கு 60 கி.மீ. அளவான வேகத்திலும் வானில் நிற்க வல்லது. இறக்கை காற்றைக் கிழித்துச் சென்றாலும், காற்று இறக்கையின்மேல் வீசினாலும் விளைவு ஒன்றே. வால் தாழ்ந்து மூக்கு நிமிர்ந்து நிற்பதால், அது தரையிலேயே காற்றை ஏந்தும் கோணத்தில் இருக்கிறது. மேலும், தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் உள்ளது என்று பௌதிகத்தில் படிக்கிறோம். காற்றின் வேகம் 20 கி.மீ.யிலிருந்து 40 கி.மீ. ஆனால் விசை இரண்டு மடங்கன்று, நான்கு மடங்கு. காலையில் அசையாமல்தானே நின்றது என்று கயிற்றால் கட்டாமல் போனவர், மாலைச் சூறைக்காற்றுக்குப் பின் விமானத்தைத் தலைகீழாகக் காண்பது இதனால்தான்.

வானில் நேராகச் செல்லும் கப், தரையில் நேராக ஓட மறுக்கும். பெரிய சக்கரங்கள் இரண்டும் முன்னே. ஈர்ப்பு மையம் அவற்றுக்குப் பின்னே. ஓடும்போது சிறிது கோணினால், பின்னாலுள்ள பாரம் முந்திக்கொள்ள முயன்று திருப்பத்தைப் பெரிதாக்கும். ஓட்டுபவர் கணநேரம் தாமதித்தாலும் விமானம் பம்பரம்போல் சுற்றி, இறக்கை நுனி தரையில் உரசும். 1955இல் முதன்முதல் பறந்த செஸ்னா 172இல் மூன்றாம் சக்கரம் மூக்கின்கீழ் அமைந்ததால் இத்தொல்லை பெரிதும் குறைந்தது. ஆனால் இழுத்துச் செல்லும்போது அச்சக்கரத்தை அளவுமீறித் திருப்பிக் கெடுப்பது புதிய தொல்லையாயிற்று!

கொட்டகைக்குள் தள்ளும்போது இறக்கை சுவரில் இடிப்பதும் உண்டு. நடுவில் நின்று தள்ளுபவருக்கு நுனி தெரியாது. இரு நுனிகளிலும் ஆள் வேண்டும்.

எல்லாவற்றிலும் கொடியது முன்னாலுள்ள விசிறி. நிமிடத்துக்கு 600 சுற்று என்னும் மெதுவான ஓட்டத்திலேயே, 6 அடி விசிறியின் நுனி மணிக்கு சுமார் 200 கி.மீ. வேகத்தில் செல்கிறது. கண்ணுக்கு அது மங்கலான புகைபோலவே தெரியும். அருகில் வருபவர் அங்கு ஒன்றுமில்லை என்றே எண்ணிவிடுவார்.

அந்நாளைய கப் விமானங்களின் எஞ்சினை, விசிறியைக் கையால் சுழற்றியே இயக்கினர். பாட்டரி இல்லை, மாக்னெட்டோ என்னும் கருவியே சுழற்சியால் மின்பொறியை உண்டாக்கும். சுவிட்சை நிறுத்தினால், ஒரு கம்பி அந்த மின்சாரத்தை எஞ்சினின் உடலுக்குக் கடத்திப் பொறி எழாமல் தடுக்கும். அந்தக் கம்பி அறுந்திருந்தால்? நம் வீட்டில் கம்பி அறுந்தால் விளக்கு அணைந்துவிடும். இங்கோ கம்பி அறுந்தால் எஞ்சின் அணைய மறுக்கும்! சுவிட்சு நிறுத்தப்பட்டதாகக் காட்டினாலும், துடைப்பதற்காக விசிறியைச் சற்று நகர்த்தியவுடன் அது சீறிச் சுழலக்கூடும். நின்ற விசிறியையும் ஓடும் விசிறியாகவே கருதி நடக்கவேண்டும் என்று பயிற்சியாளர்கள் வற்புறுத்துவது வெறும் கண்டிப்பன்று.

தனியே வந்து, உதவிக்கு ஆளில்லாமல், சக்கரத்துக்குக் கட்டையும் வைக்காமல் விசிறியைச் சுழற்றியவர்களை விட்டுவிட்டு விமானமே ஓடிப்போனதும் உண்டு. ஆகவே பழகிய ஒருவர் உள்ளே அமர்ந்து பிரேக்கை மிதித்திருக்க வேண்டும். வெளியே நிற்பவர் "சுவிட்சு நிறுத்தம்" என்று உரக்கக் கூறுவார். உள்ளே இருப்பவர் சுவிட்சைப் பார்த்தபின் அதே சொற்களைத் திருப்பிச் சொல்வார். தலையசைப்பு போதாது. அந்தக் குரல் கேட்கும்வரை விசிறியின்மேல் கை வைப்பதில்லை.