கனவு மகிழுந்தும் நனவான மகிழுந்தும்

2010ஆம் ஆண்டு மார்ச் மாதம், சுவிட்சர்லாந்தின் ஜெனிவா நகரில் நடைபெற்ற அனைத்துலக வாகனக் கண்காட்சியில் ஒரு சிறிய மகிழுந்து காட்சிக்கு வைக்கப்பட்டது. அதன் பெயர் ‘எமாஸ்’. மலாய் மொழியில் இச்சொல்லுக்குத் தங்கம் என்பது பொருள். மலேசியாவின் புரோட்டோன் நிறுவனத்திற்காக இத்தாலியின் இத்தால்டிசைன் நிறுவனம் அதனை வடிவமைத்திருந்தது. மின்சார மோட்டாரால் ஓடும் வகையில் அது திட்டமிடப்பட்டிருந்தது. மின்கலத்தில் மின்சாரம் குறைந்தால், சிறிய பெட்ரோல் இயந்திரம் ஒன்று மின்சாரத்தை உற்பத்தி செய்து கொடுக்கும்.

இவ்வாறு விற்பனைக்காக அல்லாமல், ஒரு நிறுவனத்தின் எதிர்காலச் சிந்தனையை எடுத்துக்காட்டுவதற்காக உருவாக்கப்படும் வாகனத்தைக் ‘கருத்துரு மகிழுந்து’ என்பர். எமாஸ், கண்காட்சி அரங்கோடு நின்றுவிட்டது, விற்பனைக்கு வரவில்லை. எனினும், அப்பெயர் மறையவில்லை. 2024 டிசம்பர் 16ஆம் நாள், ‘இ.மாஸ் 7’ எனும் பெயரில் மின்சார மகிழுந்து ஒன்றைப் புரோட்டோன் அறிமுகப்படுத்தியது. விற்பனைக்கு வந்த முதல் தேசிய மின்சார மகிழுந்து அதுவே. ஐவர் அமரக்கூடிய, உயரமான ‘எஸ்யுவி’ வகையைச் சேர்ந்தது அது.

மின்கலமே அடித்தளம்

பெட்ரோல் மகிழுந்தில் இயந்திரத்திற்கு இடம் ஒதுக்கிய பின்னரே மற்றவை திட்டமிடப்படும். மின்சார மகிழுந்திலோ மின்கலத்திற்கே முதலிடம். அதுவே வாகனத்தின் மிகக் கனமான உறுப்பு. விலை மிகுந்த உறுப்பும் அதுவே. எனவே, அதனை எங்கே வைப்பது, எப்படிக் குளிர்விப்பது, அதில் உள்ள மின்சாரத்தை எவ்வாறு சிக்கனமாகப் பயன்படுத்துவது எனும் மூன்று கேள்விகளே வடிவமைப்பை முடிவு செய்கின்றன.

இ.மாஸ் 7இன் மின்கலம் இருக்கைகளுக்குக் கீழே, தரைப்பகுதி முழுவதும் பரவியுள்ளது. அதன் மேல்மூடியே வாகனத் தரையின் ஒரு பகுதியாகவும் அமைகிறது. இதனால், எடையும் உயரமும் ஓரளவு குறைகின்றன. கனமான உறுப்பு அடியில் இருப்பதால், உயரமான வாகனமாயினும் வளைவுகளில் நிலைகுலையாமல் செல்கிறது.

இம்மின்கலம் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையைச் சேர்ந்தது. நிக்கல் கலந்த மின்கலங்களோடு ஒப்பிடும்போது, இது ஒரு கிலோ எடையில் சற்றுக் குறைவான ஆற்றலையே சேமிக்கும். ஆயினும், வெப்பத்தை நன்கு தாங்கும், விலை குறைவு, பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடிய பின்னும் நீடித்து உழைக்கும். ஆண்டு முழுவதும் வெயில் வாட்டும் நாட்டிற்கு இவ்வகை ஏற்றது. ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுப்பதே வடிவமைப்பின் இயல்பு என்பதற்கு இஃது ஒரு சான்று.

காற்றோடு போட்டி

வாகனத்தின் வேகம் இரு மடங்கானால், காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதனை வெல்ல மின்கலம் கூடுதல் ஆற்றலைச் செலவிட வேண்டும். ஆகவே, இ.மாஸ் 7இன் முன்முகம் பெரும்பாலும் மூடப்பட்டுள்ளது. பெட்ரோல் இயந்திரத்திற்குத் தேவைப்படும் அளவு குளிர்காற்று மின்சார மோட்டாருக்குத் தேவையில்லை. கதவுக் கைப்பிடிகளும் பக்கவாட்டில் துருத்தி நிற்காமல், உடற்பகுதியோடு ஒட்டி அமைந்துள்ளன. இதன் காற்று எதிர்ப்புக் குணகம் 0.269 ஆகும். உயரமான வாகனத்திற்கு இது குறைந்த அளவே.

மோட்டாரின் ஆற்றல் 160 கிலோவாட். மிதிவிசையை அழுத்திய கணமே முழு இழுவிசையும் கிடைப்பது மின்சார மோட்டாரின் சிறப்பு. மற்றொரு சிறப்பு, வேகத்தைக் குறைக்கும்போது வெளிப்படுகிறது. அப்போது மோட்டார் மின்னாக்கியாக மாறி, சக்கரங்களின் இயக்க ஆற்றலை மின்சாரமாக்கி மின்கலத்திற்கே திருப்பி அனுப்புகிறது. கூட்டரசு நெடுஞ்சாலையில் மாலை வேளையில் நின்று நின்று ஊரும் பெட்ரோல் மகிழுந்து எரிபொருளை வீணாக்குகிறது. மின்சார மகிழுந்தோ ஒவ்வொரு நிறுத்தத்திலும் சிறிதளவு ஆற்றலை மீட்டுக்கொள்கிறது.

திரைக்குள் ஒரு கேள்வி

ஓட்டுநரின் பக்கத்தில் 15.4 அங்குல அளவில் தொடுதிரை ஒன்று உள்ளது. வழிகாட்டி, இசை, குளிர்சாதனம் முதலியவற்றை அதன்வழி இயக்கலாம். விசைகள் குறைந்ததால் உட்புறம் விசாலமாகத் தோன்றுகிறது. ஆயினும், பெரிய திரைகளைப் பற்றி உலகெங்கும் ஒரு கேள்வி எழுந்துள்ளது. விசையைக் கை தடவிக் கண்டுபிடிக்கும். திரையைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். கண் திரைக்குச் சென்றால் சாலையிலிருந்து விலகும். இக்காரணத்தால், ஐரோப்பிய வாகனப் பாதுகாப்பு மதிப்பீட்டு அமைப்பு, சைகை விளக்கு, ஒலிப்பான் போன்ற முக்கியக் கருவிகளுக்குத் தனி விசைகள் இருக்க வேண்டும் என 2026 முதல் எதிர்பார்க்கிறது. புதியது அனைத்தும் மேலானது என்று கொள்ளாமல், பயனை ஆராய்ந்து ஏற்பதே அறிவுடைமை.

பயன் மிகுந்த புதுமையும் இவ்வாகனத்தில் உண்டு. மின்கலத்திலிருந்து வெளியே மின்சாரம் எடுத்து, விளக்கு, மின்விசிறி போன்றவற்றை இயக்கலாம். 2021 டிசம்பரில் ஷா ஆலாம், ஸ்ரீ மூடா குடியிருப்பைப் பெருவெள்ளம் சூழ்ந்ததைக் கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். மின்தடை ஏற்படும் அத்தகைய நேரத்தில், மேடான இடத்தில் நிற்கும் மின்சார மகிழுந்து ஒரு சிறு மின்நிலையமாக உதவும். ஆனால், வெள்ளத்தில் மூழ்கிய மின்சார மகிழுந்தை, தேர்ச்சி பெற்றவர் சோதிக்கும் முன் இயக்குவது ஆபத்தானது.

எங்கே மின்னூட்டுவது?

கிள்ளானில் வசிக்கும் ஒருவர், பிரிக்பீல்ட்ஸில் உள்ள அலுவலகத்திற்குச் சென்று திரும்ப நாளொன்றுக்கு ஏறக்குறைய 75 கிலோமீட்டர் ஓட்டுவதாகக் கொள்ளலாம். இ.மாஸ் 7இன் தொடக்கநிலை வகையில் 49.52 கிலோவாட் மணிநேர மின்கலம் உள்ளது. சோதனை அளவீட்டின்படி முழு மின்னூட்டத்தில் அது 345 கிலோமீட்டர் ஓடும். அதாவது, 75 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 11 கிலோவாட் மணிநேரம் போதும். வேகமும் குளிர்சாதனமும் கூடினால் செலவும் கூடும். எனினும், வீட்டுச் சுவரில் பொருத்தப்பட்ட 7 கிலோவாட் மின்னூட்டி அந்த ஆற்றலை ஏறக்குறைய 2 மணிநேரத்தில் ஈடுசெய்துவிடும்.

வாசலில் மகிழுந்தை நிறுத்தக்கூடிய தரைவீட்டுக்காரருக்கு இது எளிது. இரவு மின்னூட்டியை இணைத்துவிட்டு உறங்கலாம். ஆனால், பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழ்வோர் பலர். பத்தாவது மாடியிலிருந்து கீழே உள்ள நிறுத்துமிடத்திற்கு மின்கம்பியை இறக்க முடியாது. மின்னூட்டி பொருத்த வேண்டுமாயின், குடியிருப்பு நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். கட்டடத்தின் மின்சுமை தாங்குமா என்று ஆராய வேண்டும். செலவை யார் ஏற்பது என்றும் முடிவு செய்ய வேண்டும். அதுவரை அவர்கள் பேரங்காடிகளிலும் எண்ணெய் நிலையங்களிலும் உள்ள பொது மின்னூட்டிகளையே நம்பியிருக்க வேண்டியுள்ளது. 2025ஆம் ஆண்டிற்குள் நாட்டில் 10,000 பொது மின்னூட்டிகளை அமைப்பது என்பது அரசாங்கத்தின் இலக்கு. அவ்விலக்கு உரிய காலத்தில் எட்டப்படவில்லை.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதும் சிந்திக்கத்தக்கது. மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியையும் எரிவாயுவையும் எரித்தே பெறப்படுகிறது. மின்சார மகிழுந்து செல்லும் தெருவில் புகை இராது. ஆனால், மின்நிலையத்தின் புகைபோக்கியில் புகை தொடரும். சூரிய சக்தி போன்ற தூய ஆற்றல் பெருகப் பெருகவே மின்சார மகிழுந்தின் முழுப் பயனும் கிட்டும்.

கற்றலே மூலதனம்

1985 ஜூலை 9ஆம் நாள், புரோட்டோன் சாகா அறிமுகமானது. ஷா ஆலாம் தொழிற்சாலையில் உருவான அந்த முதல் தேசிய மகிழுந்து, ஜப்பானின் மிட்சுபிஷி தொழில்நுட்பத்தைச் சார்ந்திருந்தது. இ.மாஸ் 7 சீனாவின் ஜீலி நிறுவனத்தின் வாகனத்தை அடிப்படையாகக் கொண்டது. அந்நிறுவனம் 2017 முதல் புரோட்டோனின் 49.9 விழுக்காட்டுப் பங்கினைக் கொண்டுள்ளது. முதலில் விற்கப்பட்ட இ.மாஸ் 7 மகிழுந்துகள் சீனாவிலிருந்தே முழுமையாக இறக்குமதி செய்யப்பட்டன. 2025 செப்டம்பரில் தஞ்சோங் மாலிமில் மின்சார மகிழுந்துத் தொழிற்சாலை திறக்கப்பட்டதும், உள்நாட்டில் பொருத்தும் பணிக்கு வழி பிறந்தது.

பிறரிடமிருந்து தொழில்நுட்பத்தைப் பெறுவது குறையன்று. பெற்றதைக் கற்றுத் தேர்ந்து, அடுத்ததைத் தாமே உருவாக்காமல் இருப்பதுதான் குறை. மின்கலத்தைப் பழுதுபார்ப்போர், மென்பொருள் எழுதுவோர், அடுக்குமாடிகளுக்குப் பாதுகாப்பான மின்னூட்ட அமைப்புகளைத் திட்டமிடுவோர் எனப் பலதுறை வல்லுநர்கள் நாட்டுக்குத் தேவைப்படுகின்றனர். அறிவியலையும் தொழிற்கல்வியையும் ஆர்வத்தோடு பயிலும் மாணவர்களே நாளை அவ்விடங்களை நிரப்பப்போகிறவர்கள். 2010இல் ஜெனிவாவில் நின்ற தங்கத்தை இத்தாலியர் வடிவமைத்தனர். 2024இல் வந்த தங்கம் சீனத் தொழில்நுட்பத்தில் உருவானது. அடுத்து வரும் தங்கம் மலேசிய இளையோரின் கைவண்ணத்தில் மின்னட்டும்.