அம்மாவின் முடக்குவாதம் மகளுக்கும் வருமா?

என் தாயாருக்கு முடக்குவாதம். காலையில் காப்பி டம்ளரைக்கூடப் பிடிக்க முடிவதில்லை. எனக்கும் வருமா? மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளலாமா? — ஒரு வாசகி, கரமனை, திருவனந்தபுரம்

அஞ்ச வேண்டாம், அம்மணி. ஒரே கருவில் உதித்த இரட்டையரில் ஒருவருக்கு இந்நோய் கண்டால் மற்றவருக்கும் காண்பது நூற்றுக்குச் சுமார் 15 ஜோடிகளிலேதான் என்றால், தாயாரிடமிருந்து தங்களுக்கு வந்திருக்கக்கூடியது வியாதியன்று, அதற்கு இடங்கொடுக்கும் சுபாவம் மாத்திரமே. எச்.எல்.ஏ.-டி.ஆர்.பி.1 என்னும் மரபணுவே இதில் பிரதானமாயினும், ஜப்பானியரிடம் அதன் 04:05 வகையும், 2003-இல் அங்கே கண்டறிந்த பி.ஏ.டி.ஐ.4 மரபணுவும் முன்னிற்க, ஐரோப்பியரிடம் பெரிதாகப் பேசப்படும் பி.டி.பி.என்.22 மாறுதலோ ஜப்பானியரிடம் அநேகமாக இல்லவே இல்லை. இப்படித் தேசத்துக்குத் தேசம் மாறுவதை நம்பிப் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். புகையிலைப் புகை இந்த அபாயத்தைப் பன்மடங்காக்குமாதலால் அதை வீட்டிலிருந்து விலக்குங்கள். விரல் மூட்டுகளில் வீக்கமும், காலையில் ஒரு மணி நேரம் விடாத விறைப்பும் சில வாரங்கள் நீடித்தால், தைலம் தேய்த்துக் காலங்கடத்தாமல் மூட்டுவாத நிபுணரிடம் காட்டுங்கள்.