முதலில் காது, பிறகு கண்: கோட்டுச் சிலம்பனைக் கண்டறிவோம்

மாணவர்களே, புக்கிட் தீமா காட்டுப் பாதையில் நடக்கும்போது, யாரோ மரக்கட்டையைத் தட்டுவதுபோல் "சொங்க்... சொங்க்... சொங்க்" என்ற ஓசை ஒரே சீராகக் கேட்டிருக்கிறீர்களா? அது ஒரு சிறு பறவையின் குரல். ஆங்கிலத்தில் அதன் பெயர் பின்-ஸ்டிரைப்டு டிட்-பேப்ளர். பேப்ளர் வகைப் பறவைகளைத் தமிழில் சிலம்பன் என்பர். நாம் இதைக் கோட்டுச் சிலம்பன் என்று அழைப்போம்.

ஏன் காது முதலில்?

இதன் நீளம் ஏறத்தாழ 13 செண்டிமீட்டர்தான். கொடிகள் பின்னிக் கிடக்கும் புதர்களுக்குள் சிறு கூட்டமாகத் திரிந்து, காய்ந்த இலைகளுக்கிடையே பூச்சிகளைத் தேடும். வெளிச்சம் குறைந்த காட்டில் நிறம் நம்மை ஏமாற்றிவிடும். அதனால் குரல், இடம், நடத்தை, நிறம் என்ற வரிசையில் கவனியுங்கள்.

அடையாளங்கள்

1. செம்பழுப்பு உச்சந்தலை
2. வெளிர்மஞ்சள் தொண்டையிலும் மார்பிலும் மெல்லிய கருங்கோடுகள்
3. வெளிர்நிறக் கண்

தையல்சிட்டின் நெற்றியும் செம்பழுப்புதான். ஆனால் அதன் வெளிறிய மார்பில் இத்தகைய கோடுகள் இல்லை. வாலையும் அடிக்கடி நிமிர்த்தி வைத்திருக்கும்.

எப்படிக் கவனிப்பது?

காலையில் செல்லுங்கள். ஓசை வந்ததும் அதை நோக்கி ஓடாமல், பாதையிலேயே பத்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். இலை அசையும் இடத்தை முதலில் வெறுங்கண்ணால் பிடித்து, பிறகு தொலைநோக்கியை உயர்த்துங்கள்.

கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்காதீர்கள். தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டதாக எண்ணி, இரை தேடுவதையும் குஞ்சுகளைக் கவனிப்பதையும் விட்டுவிட்டு அது வரக்கூடும். உங்களுக்கு அது ஒரு படம். பறவைக்கோ வீணான போராட்டம்.

உங்கள் குறிப்பின் மதிப்பு

இத்தகைய புதர்ப் பறவைகள் அகன்ற திறந்தவெளியை எளிதில் கடப்பதில்லை. புக்கிட் தீமா காட்டை மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டிலிருந்து ஒரு விரைவுச்சாலை பிரிக்கிறது. விலங்குகளும் பறவைகளும் கடந்து செல்வதற்காக, 2013இல் அச்சாலைக்கு மேல் மரங்கள் நட்ட பசுமைப் பாலம் கட்டி முடிக்கப்பட்டது. எந்தக் காட்டுத் துண்டில் எந்தப் பறவை இன்னும் வாழ்கிறது என்பதை அறிய, பலர் பல நாள் எழுதிவைக்கும் குறிப்புகள் தேவை.

செய்து பாருங்கள்: நாள், நேரம், இடம், கேட்ட ஓசை, கண்ட பறவைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். குரல் மட்டும் கேட்டிருந்தால் "கேட்டேன்; காணவில்லை" என்றே எழுதுங்கள். அதுவும் முழுமையான அறிவியல் குறிப்புதான்.