தலைசுற்றலில் மறைந்து வரும் பக்கவாதம்: கேஷுவால்ட்டி டூட்டியில் சேரும் இளம் மருத்துவருக்கு

தலைசுற்றலோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் உள்காதிலோ, ரத்த அழுத்தத்திலோ, சர்க்கரையிலோ, சாப்பிடும் மாத்திரையிலோ இருக்கும். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் நியூசெஸ் வட்டாரத்தில் 44 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2006இல் வெளியானது. தலைசுற்றலோடு வந்த 1,666 பேரில் 53 பேருக்குத்தான் பக்கவாதமோ தற்காலிக ரத்த ஓட்டத் தடையோ இருந்தது. நூற்றுக்கு மூன்று பேர். ஆபத்து இந்தச் சின்ன எண்ணிக்கையில்தான் இருக்கிறது. முப்பது பேருக்கு ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிப் பழகிய கை, முப்பத்தோராவது ஆளையும் அப்படியே அனுப்பிவிடும்.

வாய் கோணல், கை தளர்ச்சி, பேச்சுக் குழறல் ஆகிய மூன்றும் பக்கவாதத்தின் அடையாளங்கள் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்தி. மூளையின் முன்பகுதிக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டால் அப்படித்தான் நடக்கும். சிறுமூளைக்கும் மூளைத்தண்டுக்கும் ரத்தம் வருவது கழுத்தெலும்புகளின் வழியே ஏறும் வெர்ட்டிப்ரல் தமனிகளிலிருந்து. அங்கே அடைப்பு விழுந்தால் கைகால் பலமாகவே இருக்கலாம், பேச்சும் தெளிவாக இருக்கலாம். பக்கவாதத்தின் தீவிரத்தை அளக்கும் என்.ஐ.எச். மதிப்பெண் பூஜ்யமாக நிற்க, நோயாளி வாந்தி எடுத்துக்கொண்டு கண்ணைத் திறக்காமல் படுத்திருப்பார்.

முதல் சிக்கல் சொல்லில் தொடங்குகிறது. ‘மயக்கமா இருக்கு’ என்று தமிழ்நாட்டு நோயாளி சொன்னால் நினைவு தப்பியதாகவும் இருக்கலாம், அறை சுழல்வதாகவும் இருக்கலாம், வெறும் சோர்வாகவும் இருக்கலாம். ‘கிறுகிறுப்பு’, ‘தள்ளுது’, ‘கண்ணை இருட்டிக்கிட்டு வருது’, ‘பித்தம் ஏறிடுச்சு’ என்று ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் சொல் மாறும். தலைசுற்றலை நான்கு வகையாகப் பிரித்து, எந்த வகை என்று நோயாளியையே கேட்கும் வழக்கம் 1972இல் வந்த ஒரு கட்டுரையிலிருந்து பாடநூல்களுக்குள் நுழைந்தது. அந்தக் கேள்வியின் பலவீனத்தை 2007இல் டேவிட் நியூமன்-டோக்கர் குழு காட்டியது. சில நிமிடங்கள் கழித்து மாற்றிக் கேட்டதும் பாதிக்கு மேற்பட்டோர் வேறு வகையைச் சொன்னார்கள். எவ்வளவு நேரம் நீடித்தது, எது தூண்டியது என்ற கேள்விகளுக்கோ அவர்களின் பதில் பெரும்பாலும் நிலையாக இருந்தது. ஆகவே ‘எப்படிச் சுத்துது’ என்ற கேள்வியில் நேரத்தைச் செலவழிக்க வேண்டியதில்லை. எப்போது ஆரம்பித்தது, விட்டுவிட்டு வருகிறதா, விடாமல் இருக்கிறதா, அசையாமல் படுத்தால் முழுதாக நின்றுவிடுகிறதா என்று கேட்டால் போதும்.

படுக்கையில் புரண்டாலோ அண்ணாந்து பார்த்தாலோ சுழன்று, ஒரு நிமிடத்துக்குள் அடங்கி, அசையாதபோது ஒன்றுமே இல்லாமல் இருந்தால் அநேகமாக அது உள்காதின் சுண்ணாம்புத் துகள் இடம்மாறியதால் வருவது. டிக்ஸ்-ஹால்பைக் சோதனை அதைக் காட்டும், எப்லி முறை கட்டிலிலேயே சரிசெய்யும். அந்தச் சோதனையின்போது கண் நேர்கீழாகத் துடித்து, துடிப்பு அடங்காமல் நீடித்தால் மட்டும் சிறுமூளையைச் சந்தேகிக்க வேண்டும். தூண்டுதல் ஏதுமின்றித் தானாக வந்து, சில நிமிடங்களோ சில மணி நேரமோ இருந்து மறைந்தால் ஒற்றைத்தலைவலியாக இருக்கலாம், தற்காலிக ரத்த ஓட்டத் தடையாகவும் இருக்கலாம். மருத்துவர் பார்க்கும் நேரத்தில் கண்ணில் எந்தக் குறியும் இருக்காது. வயதும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் புதிதாக வந்த கழுத்துவலியும்தான் துப்பு.

கடினமானது மூன்றாவது கூட்டம். திடீரென்று தொடங்கி மணிக்கணக்கில் விடாத சுழற்சி, வாந்தி, நடக்கத் தடுமாற்றம், கண் துடிப்பு எல்லாம் இவர்களுக்கு இருக்கும். உள்காது நரம்பின் அழற்சியும் சிறுமூளைப் பக்கவாதமும் இங்கே ஒரே முகத்தோடு வந்து நிற்கின்றன. தலை அசைந்தால் சுற்றல் அதிகமாவது இரண்டிலும் உண்டு என்பதால், அதை வைத்துக் ‘காதுதான்’ என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கும் பிழை.

இந்தக் கூட்டத்துக்கென்றே உருவானது ஹிண்ட்ஸ் சோதனை. தலையை வெட்டித் திருப்புதல், கண் துடிப்பின் திசை, கண்களின் மேல்கீழ் ஏற்றத்தாழ்வு என மூன்று பகுதிகள் அதில் உண்டு. ஹோர்ஹே கத்தா, நியூமன்-டோக்கர் முதலியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், பக்கவாத அபாயம் உள்ள 101 நோயாளிகளில் 76 பேருக்குக் கோளாறு மூளையில் இருந்தது. அத்தனை பேரையும் இச்சோதனை பிடித்தது. முதல் எம்.ஆர்.ஐ. ஸ்கேனோ பக்கவாதங்களில் 12 விழுக்காட்டைத் தவறவிட்டது. அந்தத் தவறுகள் எல்லாம் நோய் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் எடுத்த ஸ்கேன்களில் நேர்ந்தவை.

முதல் பகுதி, ஹால்மாஜியும் கர்த்தாய்ஸும் 1988இல் விவரித்தது. நோயாளியை உட்காரவைத்து, மருத்துவரின் மூக்கை விடாமல் பார்க்கச் சொல்ல வேண்டும். இரு கைகளாலும் தலையைப் பிடித்து, கழுத்து தளர்ந்ததும், பத்துப் பதினைந்து பாகை அளவுக்குச் சட்டென்று ஒரு பக்கம் திருப்ப வேண்டும். அடிபட்ட கழுத்திலும், தமனி கிழிந்திருக்குமோ என்ற சந்தேகம் உள்ள கழுத்திலும் இதைச் செய்யக் கூடாது. உள்காது நரம்பு கெட்டிருந்தால் அந்தப் பக்கம் திருப்பும்போது கண்ணும் தலையோடு சேர்ந்து விலகிப்போய், பிறகு ஒரு துள்ளலில் மூக்குக்குத் திரும்பி வரும். அந்தத் துள்ளல் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். தேடுகிற கண்ணுக்குத்தான் தெரியும். துள்ளல் இருந்தால் காது, துள்ளாமல் மூக்கிலேயே நின்றால் மூளை. இளம் மருத்துவர் முதலில் தடுமாறுவது இந்தத் தலைகீழ்க் கணக்கில்தான். மற்றச் சோதனைகளில் ‘நார்மல்’ என்றால் நிம்மதி. விடாமல் சுழலும் ஒருவருக்கு இந்தச் சோதனை நார்மலாக இருந்தால் பக்கவாதத்தையே முதலில் நினைக்க வேண்டும்.

கண் துடிப்பில் பார்க்க வேண்டியது திசை. காதுக் கோளாறில் எந்தப் பக்கம் பார்த்தாலும் வேகத் துடிப்பு ஒரே பக்கம்தான் அடிக்கும். வலப்புறம் பார்க்கும்போது வலப்புறமும், இடப்புறம் பார்க்கும்போது இடப்புறமும் அடித்தால், அல்லது நேர்மேலாகவோ நேர்கீழாகவோ அடித்தால், கோளாறு மூளையில். மூன்றாவதாக, ஒரு கண்ணை மூடி, கையை அடுத்த கண்ணுக்கு மாற்றும்போது திறந்த கண் மேலேயோ கீழேயோ நகர்ந்து நேராகிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி நகர்வது அபூர்வம். நகர்ந்தால் அலட்சியம் கூடாது. மூன்றில் ஒன்று மூளையைக் காட்டினாலும் பக்கவாதம் என்றே நடத்த வேண்டும்.

இச்சோதனைக்கு ஒரு கடுமையான நிபந்தனை உண்டு. சுற்றல் விடாமல் இருக்கிற, கண் துடிப்பும் இருக்கிற ஆளுக்கு மட்டுமே இது பொருந்தும். சுற்றல் நின்றுபோனவரிடம் செய்தால் தலைதிருப்பல் இயல்பாகத்தான் இருக்கும், இல்லாத பக்கவாதம் இருப்பதாகத் தோன்றும். 2009இல் சோதித்தவர்கள் கண்ணியக்கத்தில் தேர்ந்தவர்கள். பயிற்சி இல்லாதவர் கையில் அந்தத் துல்லியம் கிடைப்பதில்லை. அமெரிக்காவின் அவசர மருத்துவக் கல்வியாளர் சங்கம் 2023இல் வெளியிட்ட நெறிமுறையும் பயிற்சி பெற்றவர் செய்வதையே பரிந்துரைக்கிறது. டூட்டி அறையில் சக மருத்துவர்களின் தலையைப் பிடித்துப் பழகினால் இயல்பான கண் எப்படி நிற்கும் என்பதாவது கைக்குப் பிடிபடும்.

பயிற்சி குறைந்தவருக்கும் கைகொடுப்பது நடை. கட்டிலின் விளிம்பில், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, பிடிமானமின்றி உட்காரச் சொல்ல வேண்டும். காதுக் கோளாறு உள்ளவர் சாய்வார், ஆனாலும் பெரும்பாலும் உட்கார்ந்துவிடுவார், பிடித்துக்கொண்டாவது நடப்பார். சிறுமூளை பாதிக்கப்பட்டவர் சரிந்து விழப்போவார். படுத்திருக்கும்போது விரலால் மூக்கைத் தொடும் சோதனை சரியாக இருந்தாலும் நிற்கவைத்தால் குட்டு வெளிப்படலாம். தலை சுற்றுகிறவரை எதற்கு எழுப்பிச் சிரமப்படுத்த வேண்டும் என்ற இரக்கம் இங்கே நோயாளிக்குக் கெடுதல் செய்கிறது.

சுற்றலோடு ஒரு காது புதிதாகக் கேட்காமல் போனால் ‘காதுக் கோளாறு உறுதி’ என்று எண்ணத் தோன்றும். உள்காதுக்குப் போகும் நுண்ணிய தமனி, சிறுமூளையின் முன்கீழ்த் தமனியிலிருந்தே பெரும்பாலும் கிளைக்கிறது. அந்தத் தமனி அடைபட்டால் காதும் மூளையும் சேர்ந்து பாதிக்கப்படும், தலைதிருப்பலில் துள்ளலும் தெரியும். ஆகவே காதருகே விரலை உரசிக் கேட்கிறதா என்று பார்ப்பது சோதனையின் நான்காவது பகுதியாகச் சேர்ந்துவிட்டது. குரல் கம்முதல், விழுங்கும்போது புரையேறுதல், ஒரு பக்க முகமும் மறுபக்க உடலும் மரத்தல், ஓயாத விக்கல், ஒரு கண்ணிமை தொங்கல் ஆகியவை மூளைத்தண்டின் பக்கவாட்டுப் பக்கவாதத்துக்கு உரியவை. இவற்றைக் கேட்டால்தான் சொல்வார்கள்.

சி.டி. ஸ்கேன் மூளையில் ரத்தக்கசிவு இருந்தால் காட்டும். சிறுமூளையின் புதிய அடைப்பைக் காட்டுவதில் அது மிகவும் பலவீனம். சுற்றியுள்ள தடித்த எலும்பு படத்தைக் கெடுக்கிறது, புதிய அடைப்பு அதில் தெளியவும் நேரமாகும். ‘சி.டி. நார்மல், வீட்டுக்குப் போகலாம்’ என்று கேஸ் ஷீட்டில் எழுதுவதைப்போல் நோயாளிக்குத் தீங்கு செய்வது வேறில்லை. குறிகள் மூளையைக் காட்டும்போது முதல் எம்.ஆர்.ஐ. சுத்தமாக இருந்தாலும் அனுமதித்து, சில நாள் கழித்து மறுபடி எடுக்க வேண்டும்.

வந்தவுடன் விரலில் சர்க்கரை பார்ப்பதும், கடைசியாக நன்றாக இருந்த நேரத்தை மணியோடு குறிப்பதும் முதல் வேலை. ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்குப் பொதுவான கெடு நாலரை மணி நேரம். ஸ்டெமெட்டில் ஊசிக்கு முன் ஒரு நிமிடம் ஒதுக்கிக் கண்ணைப் பார்த்துவிட வேண்டும், மருந்தில் தூங்கியவரை நடக்கவைக்க முடியாது. பெரிய சிறுமூளை அடைப்பு அடுத்த சில நாட்களில் வீங்கி மூளைத்தண்டை அழுத்தும். அனுமதித்தவர் மந்தமானாலோ, தலைவலி கூடினாலோ, மருந்தின் தூக்கம் என்று விட்டுவிடாமல் நரம்பியல் அறுவை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். மண்டையோட்டின் பின்பகுதியைத் திறந்து அழுத்தம் குறைத்தால் உயிர் பிழைத்து நடமாடுகிறவர்கள் உண்டு. வீட்டுக்கு அனுப்பப்படுகிறவரை வார்டின் வாசல்வரை நடக்கவைத்துப் பார்த்து, துடிப்பின் திசை, தலைதிருப்பல், கேள்திறன், நடை நான்கையும் கேஸ் ஷீட்டில் எழுதிய பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.