ஹாரியட் டப்மன் நடந்த நிலம்

இளங்கலை வரலாற்று வகுப்பில் அமெரிக்க வரலாற்றுத் தாளைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். அடிமை முறை ஒழிப்பு என்னும் பகுதி வந்ததும், கரும்பலகையில் ஹாரியட் டப்மன் அம்மையாரின் பெயரை எழுதி, அதன்கீழ் இரண்டு எண்களைக் குறிப்பது என் வழக்கம். பயணங்கள் 19, மீட்கப்பட்டோர் 300. நான் மாணவனாக இருந்தபோது எழுதிக்கொண்ட எண்கள் அவை. என் மாணவர்களும் அவற்றை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதினார்கள். 2023 மே மாதம் அந்த அம்மையார் பெயரால் அமைந்த தேசிய வரலாற்றுப் பூங்காவைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. இரண்டு எண்களுமே தவறு என்று அங்குதான் அறிந்தேன்.

பூங்கா என்றதும் மலர்ப் பாத்திகளையும் ஊஞ்சலையும் எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவின் கிழக்குக் கரையில், மேரிலாந்து மாநிலத்தின் டார்செஸ்டர் மாவட்டத்தில், சர்ச் கிரீக் என்னும் சிற்றூரை அடுத்து இருக்கிறது அது. பார்வையாளர் கூடம் 2017இல் திறக்கப்பட்டது. அதற்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் கோரையும் பைன் மரங்களும் கறுத்த நீரும்தான். டப்மன் பிறந்த குடிசை இன்று இல்லை. அவர் நடந்த நிலமே அங்கே நினைவுச் சின்னம். என் மகள் காரை ஓட்ட, அரைநாள் அந்தச் சதுப்பு நிலத்தைச் சுற்றினோம். கொசுக்கடிக்கு நம் ஊரே எவ்வளவோ மேல்!

அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் அரமிண்டா ராஸ். பிறந்தது 1822 வாக்கில். ஏறத்தாழ ஆறு வயதிலேயே பிறர் வீட்டு வேலைக்கு வாடகைக்கு விடப்பட்டார். குளிர்காலத்தில் இந்தச் சதுப்பு நீரில் இறங்கி, நீரெலிப் பொறிகளைப் பார்த்து வருவது சிறுமியாக அவர் செய்த வேலைகளில் ஒன்று. பக்டவுன் என்னும் இடத்துக் கடையில், தப்பியோட முயன்ற ஓர் அடிமையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னபோது மறுத்தார். கண்காணி வீசிய இரண்டு பவுண்டு எடைக்கல் அவர் தலையில் விழுந்தது. திடீர் திடீரென்று மயங்கி உறங்கிவிடும் நோய் அன்று முதல் வாழ்நாள் முழுவதும் அவரை விடவில்லை. பின்னர் இருட்டில் பலரை அழைத்துச் சென்றவர் இந்த நோயுள்ளவர்தான் என்பதை நான் வகுப்பில் அழுத்திச் சொன்னதில்லை.

1849இல் தனியாகத் தப்பி வடக்கே பிலடெல்பியாவை அடைந்தார். ஆனால் திரும்பி வந்தார். மீண்டும் மீண்டும் வந்தார். அடிமைகளை ரகசியமாக வடக்கே கடத்திய அந்த ஏற்பாட்டுக்கு ‘நிலத்தடி இரயில் பாதை’ என்று பெயர். உண்மையில் அங்கே இரயிலும் இல்லை, சுரங்கமும் இல்லை. நம்பத்தக்க சில வீடுகள், சில படகுகள், சில மனிதர்கள், அவ்வளவே.

1854ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி ஒன்றை இங்கே விரித்துச் சொல்ல விரும்புகிறேன். தம் சகோதரர் மூவரும் விற்கப்படவிருக்கும் செய்தி டப்மனுக்கு எட்டியது. அவருக்கு எழுதத் தெரியாது. ஜேக்கப் ஜாக்சன் என்னும் சுதந்திரமான கறுப்பினத்தவருக்குப் பிறர் கையால் ஒரு கடிதம் எழுதுவித்தார். அதில் மறைபொருளாகச் செய்தி இருந்தது. அதிகாரிகள் பிரித்துப் படித்தும் அவர்களுக்கு விளங்கவில்லை. ஜாக்சன் ஒரு பார்வையில் புரிந்துகொண்டு, தமக்கும் ஒன்றும் புரியவில்லை என்று சாதித்துவிட்டார். சகோதரர்கள் பாப்லர் நெக் என்னும் இடத்தில், பெற்றோர் குடிசைக்கு அருகிலிருந்த தீவனக் கொட்டகையில் ஒளிந்தார்கள். மழை பெய்துகொண்டிருந்தது. பிள்ளைகள் வருவார்கள் என்று தாய் விருந்து சமைத்துக் காத்திருந்தார். அவருக்குச் சொல்லவில்லை, சொன்னால் அழுகுரல் காட்டிக் கொடுத்துவிடும். தந்தை பென் ராஸுக்கு மட்டும் தெரியும். அவர் உணவு கொண்டுவந்தபோது கண்ணைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டார். நாளை விசாரித்தால் ‘என் பிள்ளைகளை நான் பார்க்கவில்லை’ என்று பொய்யில்லாமல் சொல்ல வேண்டுமல்லவா? இரவில் புறப்படுமுன், அடுப்பருகே அமர்ந்திருந்த தாயை வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்தத் தந்தை அதற்கு முன் குடியிருந்த வீட்டின் இடம் பிளாக்வாட்டர் வனவிலங்குப் புகலிடத்துக்குள் இருப்பதைத் தொல்லியலார் கண்டறிந்து 2021இல் அறிவித்தனர். அவர்களுக்குக் கிடைத்த தடயங்களுள் ஒன்று 1808ஆம் ஆண்டு நாணயம். கடல் மட்டம் ஏறி, 1930களிலிருந்து அப்புகலிடத்தில் 5,000 ஏக்கருக்கு மேற்பட்ட சதுப்பு நிலம் திறந்த நீராகிவிட்டது. காலந்தாழ்த்தியிருந்தால் அந்த நாணயமும் நமக்குக் கிடைத்திராது.

இனி எண்களுக்கு வருகிறேன். 19, 300 என்பவை 1860களின் இறுதியில் டப்மனின் வரலாற்றை எழுதிய சாரா பிராட்ஃபோர்டு தந்த கணக்கு. டப்மனோ 1858, 1859ஆம் ஆண்டுகளின் கூட்டங்களில் எட்டு ஒன்பது பயணங்கள், ஐம்பது அறுபது பேர் என்றுதான் சொல்லியிருக்கிறார். கேட் கிளிஃபர்ட் லார்சன் போன்ற ஆய்வாளர்கள் ஆவணங்களை ஒப்பிட்டு, ஏறத்தாழ 13 பயணங்கள், 70 பேர் என்று நிறுவினர். (1863 ஜூனில், போரின்போது காம்பாகி ஆற்றங்கரையில் எழுநூற்றுக்கும் மேற்பட்டோர் விடுதலை பெற அவர் துணைநின்றது வேறு கணக்கு.)

கல்லூரி திறந்ததும் பழைய எண்களை எழுதி, அடித்துவிட்டு, புதியவற்றை எழுதினேன். ‘அப்படியானால் அவர் செய்தது குறைவுதானா, ஐயா?’ என்றான் ஒரு மாணவன். 1860இல் அவர் மேற்கொண்ட கடைசிப் பயணத்தைச் சொன்னேன். தங்கை ரேச்சலை அழைத்துவர வந்தார். தங்கை முன்பே இறந்துபோயிருந்தாள். அவள் குழந்தைகளை மீட்கக் கையூட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த 30 டாலர் டப்மனிடம் இல்லை. குழந்தைகளை விட்டுவிட்டு, எனால்ஸ் என்னும் வேறொரு குடும்பத்தைக் கைக்குழந்தையோடு அழைத்துக்கொண்டு வடக்கே நடந்தார். குழந்தை அழாமலிருக்க அபின் கலந்த மருந்து கொடுத்தார்கள். வகுப்பு அமைதியாக இருந்தது.

பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். ‘ஐயா, எங்கள் அக்கா இதே வகுப்பில் படித்து, தேர்வில் 300 என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கினாளே!’ என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்த அக்காவின் கைக்கும், அவளோடு படித்தவர்கள் கைக்கும் இந்த மலர் போய்ச் சேரும் என்னும் நம்பிக்கையில்தான் இதனை எழுதுகிறேன்.