பூச்செடியின் அழகும் பூனையின் உயிரும்

தருமபுரி மாவட்டத்துக் குடியானவர் வீடுகளில் பூனை வெறும் செல்லப் பிராணி அன்று. சேமித்து வைத்த கேழ்வரகையும் சாமையையும் தின்றும் அசுத்தப்படுத்தியும் நட்டம் விளைவிக்கும் எலிகளை, அது இரவுதோறும் வேட்டையாடுகிறது. கூலி கேளாத காவலாளி என்றே அதனைக் கூறலாம். இன்று வாசலிலும் புழக்கடையிலும் அழகுச் செடிகள் வளர்க்கும் வழக்கம் சிற்றூர்களிலும் பெருகி வருகிறது. இது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் கண்ணுக்கு இனிய செடிகளுட் சில, இந்தக் காவலாளிக்கும் ஆடு மாடுகளுக்கும் நஞ்சாகும். அவை எவை, அவற்றினின்று பிராணிகளைக் காப்பது எங்ஙனம் என்பதை இங்கே காண்போம்.

பூனைக்குச் செடியால் தீங்கு வருமா?

புலால் உண்ணும் பூனைக்குச் செடியால் என்ன தீங்கு எனச் சிலர் வினவலாம். பூனை அவ்வப்போது புல்லையும் இலையையும் கடிக்கும் இயல்புடையது. மேலும், தன் உடலை நாவினால் நக்கித் துப்புரவு செய்துகொள்வதால், மயிரில் ஒட்டிய மகரந்தமும் செடிப்பாலும் அதன் வயிற்றினுட் செல்கின்றன. சில நஞ்சுகளை முறித்து வெளியேற்றும் ஆற்றலும் பூனையின் ஈரலுக்குக் குறைவு.

அறிய வேண்டிய செடிகள்

அரளி: இம்மாவட்டத்தின் பல ஊர்களிலும், அண்டையிலுள்ள சேலம் மாவட்டத்துப் பனமரத்துப்பட்டியிலும் அரளிப்பூ உழவர்க்கு வருவாய் தரும் பயிராகும். ஆனால் இதன் வேர், தண்டு, இலை, பூ யாவும் நஞ்சுடையன. இந்நஞ்சு இதயத்தின் துடிப்பைச் சீர்குலைக்கும். வாந்தியும் கழிச்சலும் முதலில் தோன்றும். இலை உலர்ந்த பின்னும் நஞ்சு நீங்குவதில்லை. மஞ்சள் அரளியும் இத்தகையதே.

லில்லி: பூங்கொத்துகளிலும் தொட்டிகளிலும் காணப்படும் உண்மையான லில்லி மலர், பூனைக்குப் பெரும் பகையாகும். இலை, இதழ், மகரந்தம், பூச்சாடியிலுள்ள நீர் ஆகிய எதுவும் சிறிதளவு உட்சென்றாலும் மூன்று நாட்களுக்குள் சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். நம் குளத்து அல்லியும் மாலைக்குரிய சம்பங்கியும் இவ்வினத்தைச் சேர்ந்தவை அல்ல.

செங்காந்தள்: தமிழ்நாட்டின் மாநில மலராகிய இதன் எல்லாப் பாகங்களும் நஞ்சுடையன, கிழங்கும் விதையும் மிகக் கொடியன. கோல்ச்சிசின் என்னும் பொருளே இதற்குக் காரணம். மருந்து செய்வதற்காக இதனைப் பயிரிடுவோரும் உளர். வீட்டு வேலியில் படரவிடுவது தகாது.

உண்ணிச்செடி: 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காகக் கல்கத்தாவின் தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்ட இச்செடி, பின்னர் நாடெங்கும் பரவி, பென்னாகரம் பகுதிக் காடுகளையும் அடைந்துள்ளது. இதனைத் தின்னும் மாட்டின் ஈரல் கெடும். மஞ்சள் காமாலை தோன்றும். வெயில் பட்ட தோல் வெடித்துப் புண்ணாகும்.

தொட்டிச் செடிகள்: புள்ளியிட்ட அகன்ற இலையையுடைய டைபன்பேக்கியாவைக் கடித்தால் வாயும் நாவும் எரிந்து வீங்கும். பனையொத்த சைகஸ் ஈரலைக் கெடுக்கும். அதன் விதை மிகவும் கொடிது.

ஆபத்து வரும் வழி

நின்று வளரும் அரளியைக் கசப்பின் காரணமாக ஆடு மாடுகள் பெரும்பாலும் தீண்டுவதில்லை. செடியைக் கத்தரித்து, கழிவைத் தெருவோரத்தில் எறியும்போதே ஆபத்து மிகுகிறது. வாடிய இலை புல்லோடு கலந்துவிட்டால், பிராணி பிரித்தறியாது உண்டுவிடும். வறட்சிக் காலத்தில் பசியால் வாடும் ஆடு, வெறுத்த தழையையும் தின்னும். ஆகையால் செடியை நட்டவனின் பொறுப்பு, கத்தரித்த கிளையை அகற்றும் வரை நீடிக்கிறது.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. நச்சுச் செடிகளைத் தொழுவம், தண்ணீர்த் தொட்டி, தீவனப்போர் ஆகியவற்றின் அருகே நடலாகாது.
2. கத்தரித்த கழிவை அன்றே திரட்டி, பிராணிகள் எட்டாத குழியில் புதைத்திடுக. எரித்தலும் ஆகாது, அரளிப் புகையும் தீங்கு தரும்.
3. பூனையுள்ள வீட்டினுள் லில்லி மலரைக் கொண்டுவருதல் வேண்டா.
4. வாசலுக்கு ரோஜா, மல்லிகை, கனகாம்பரம், காசித்தும்பை ஆகியவற்றைத் தேர்ந்துகொள்க.

நஞ்சுண்டதாக ஐயம் எழுந்தால்

எச்சில் ஒழுகுதல், வாந்தி, சோர்வு, உணவு மறுத்தல், தள்ளாடுதல் ஆகியவற்றைக் கண்டால் காலந்தாழ்த்தலாகாது. உப்புநீர் புகட்டி வாந்தி எடுப்பிக்க முயலுதல் மேலும் கேடு செய்யும். மயிரில் மகரந்தம் ஒட்டியிருப்பின் ஈரத்துணியால் துடைத்து, தின்ற செடியின் ஒரு துணுக்கையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்திற்கு விரைதல் வேண்டும். லில்லியால் நேர்ந்த நஞ்சுக்குச் சிகிச்சை 18 மணி நேரத்திற்குள் தொடங்கினால் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. ஆடு மாடுகளுக்கு நேர்ந்தால் 1962 என்னும் தொலைபேசி எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்.

அரளித் தோட்டத்தை அழித்துவிடுங்கள் என்று எவரும் கூறவில்லை. அது பல குடும்பங்களுக்குச் சோறிடுகிறது. வளரும் இடத்தில் அது வளரட்டும். தொழுவத்தையும் திண்ணையையும் அண்டாதிருக்கட்டும். இந்நிலையை அமைப்பதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. ஒரு குழியும் ஒரு நாழிகை உழைப்புமே போதும்.